அட்பாரா முதல் அடையாறு வரை: சோளம் வந்த வழி

மயிலாப்பூர் மாடவீதியிலும் தி.நகர் பனகல் பூங்காவைச் சுற்றியும் அடையாறு காந்தி நகரிலும் உள்ள மளிகைக் கடைகளில் இன்றைக்குச் சிறுதானியத்துக்கென்று ஒரு தட்டு ஒதுக்கியிருக்கிறார்கள். கம்பு, கேழ்வரகு, தினை, சாமை, வரகு, குதிரைவாலி என்று போகும் வரிசையில் வெள்ளைச் சோளமும் அரைக் கிலோ, ஒரு கிலோ பைகளில் இருக்கிறது. மக்காச்சோளத்தைச் சொல்லவில்லை. நம் பாட்டன் பூட்டன் களி கிண்டித் தின்ற நாட்டுச் சோளத்தைச் சொல்கிறேன். ஒரு பையை வாங்கி வந்து, ஒரே ஒரு மணியை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். மிளகைவிடச் சற்றுச் சிறியது, பால் வெள்ளை. மணி கதிரோடு ஒட்டியிருந்த அடிப்பக்கத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு கரும்புள்ளி தெரியும். அது அழுக்கும் இல்லை, பூச்சி அரித்த தடமும் இல்லை. மணி முற்றும் நாளில், தாய்ச்செடியிலிருந்து சர்க்கரை வந்துகொண்டிருந்த குழாய்கள் அடைபட்டு அந்த இடம் கறுத்துப்போகிறது. அதன் பிறகு மழை பெய்தாலும் சரி, வெயில் அடித்தாலும் சரி, மணிக்குள் புதிதாக ஒன்றும் சேராது. தானியம் பூர்த்தியாகிவிட்டது என்று செடி தானே இட்ட முத்திரை அது.

இந்த மணி சென்னைக்கு வந்த வழி மிக நீளமானது. ஆப்பிரிக்கப் புல்வெளி, அரபிக்கடல், தக்காணம், கோவில்பட்டிக் கரிசல், கோயம்புத்தூர் ஆய்வுக்கூடம், அமெரிக்காவின் டெக்சாஸ் என்று ஐயாயிரம் ஆண்டுக்கு மேலாகச் சுற்றி வந்திருக்கிறது. போன இடத்திலெல்லாம் யாரோ ஒருவர் நல்ல கதிராகப் பார்த்து எடுத்து, அடுத்த விதைப்புக்கு ஒதுக்கி வைத்திருக்கிறார். சோளத்தின் உயிரியலை அந்தக் கைகளை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

சூடானில் ஒரு பானைச் சில்லு

எகிப்தின் தென்கோடியில் நப்தா ப்லாயா என்றொரு இடம் இருக்கிறது. இன்றைக்கு அது பாலைவனம். சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே மழை இருந்தது, மனிதர் வாழ்ந்த குடிசைகள் இருந்தன. அந்தக் குடிசைத் தரையில் கருகிய சோள மணிகளைத் தொல்லியலாளர்கள் கண்டெடுத்தார்கள். அவை காட்டுச் சோளம். அந்த மக்கள் விதைக்கவில்லை, தானாக விளைந்ததைப் பொறுக்கித் தின்றார்கள்.

விதைத்து அறுத்ததற்கான பழைய சான்று கிழக்கு சூடானில் கிடைத்தது. அட்பாரா ஆற்றை ஒட்டிய காஷ்ம் எல் கிர்பா பகுதியில் கண்டெடுத்த பானைச் சில்லுகள் அவை. அந்தக் காலத்துக் குயவர்கள் களிமண்ணில் உமியைக் கலந்து பிசைந்தார்கள். சூளையில் உமி எரிந்துபோனாலும் அதன் அச்சு மண்ணில் நின்றுவிட்டது. டோரியன் ஃபுல்லரும் அவருடைய சக ஆய்வாளர்களும் அந்த அச்சுகளை உருப்பெருக்கிப் பார்த்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். காலம் கி.மு. 3500 முதல் 3000 வரை. காட்டுச் சோளத்தின் மணி தானாக உதிரும்போது அதன் அடி வழுவழுப்பாகக் கழன்றுவரும். அடித்துப் பிரித்த பயிர்ச் சோளத்தின் அடியோ பிய்ந்து கிழிந்திருக்கும். அந்தச் சில்லுகளில் இரண்டு வகை அச்சும் கலந்து இருந்தன. காட்டுப் புல் பயிராக மாறிக்கொண்டிருந்த அந்தக் காலத்தையே பானை பதிவு செய்து வைத்திருந்தது.

காட்டுப் புல்லுக்கு விதை உதிர்ந்தால்தான் சந்ததி. உதிராமல் கதிரிலேயே நிற்கும் செடி காட்டில் பிழைக்காது. ஆனால் அறுக்க வந்தவர் கையில் சிக்குவது உதிராத அந்தக் கதிர்தான். அதையே எடுத்து வந்து, அதையே விதைத்து, தலைமுறை தலைமுறையாக உதிரும் குணத்தை மனிதர் விலக்கினார்கள். உதிர்வை நடத்தும் எஸ்.எச்-1 என்ற மரபணுவை 2012இல் கண்டுபிடித்தார்கள். பயிர்ச் சோளத்தில் அந்த மரபணு செயலிழந்து கிடக்கிறது, அதுவும் ஒரே விதமாக இல்லை, மூன்று வெவ்வேறு விதமாக. ஆகவே உதிராத கதிரை ஒரே ஊரில் ஒரே குடும்பம் கண்டெடுத்துப் பரப்பியதாகச் சொல்ல இடமில்லை. வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு குடியானவர்கள் தாமாகவே அதைக் கண்டு தேர்ந்திருக்கிறார்கள்.

கடல் கடந்து வந்து குடியேறியது

கி.மு. 2000 வாக்கில் சோளம் இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கை வந்தடைந்துவிட்டது. அரபுக் கரையை ஒட்டி நடந்த பழைய கடல்வணிகம்தான் அதைக் கொண்டுவந்திருக்க வேண்டும். இங்கே அது விருந்தாளியாக இருக்கவில்லை. ஹார்லன், டி வெட் என்ற இரு தாவரவியலாளர்கள் 1972இல் உலகச் சோளங்களை ஐந்து இனங்களாகப் பிரித்தார்கள்: பைகலர், கினி, காடேட்டம், காஃபிர், துர்ரா. இவற்றில் துர்ரா இனம் இந்திய மண்ணில் உருவாகி, அரேபியா வழியாக எத்தியோப்பியாவுக்குத் திரும்பிப் போயிருக்கக்கூடும் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. நெருக்கமான உருண்டைக் கதிரும், கதிரின் கனத்தில் கொக்கிபோல் வளைந்த கழுத்தும், பருத்த மணியும் அதன் அடையாளம். தமிழ்நாட்டுப் புன்செய்க் காடுகளில் நின்ற பழைய சோளங்களில் பெரும்பாலானவை இந்தக் குடும்பம்தான்.

நம் ஊரில் அவற்றுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. கொங்கு நாட்டில் பெரிய மஞ்சள் சோளம். கதிர் விரிந்து தொங்கும் தலைவிரிச்சான் சோளம். சிவந்த மணியுள்ள செஞ்சோளம். கறுத்த உமி மணியை இறுகப் பற்றியிருக்கும் இருங்கு சோளம். செஞ்சோளத்துக்கும் வெள்ளைச் சோளத்துக்கும் நிறத்தில் மட்டும் வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். சில சோளங்களில் மேல்தோலுக்கு அடியில் துவர்ப்பான டானின் படலம் ஒன்று இருக்கும். குருவியும் கிளியும் அந்தத் துவர்ப்பை விரும்புவதில்லை, ஈரத்தில் பூஞ்சையும் எளிதில் பிடிப்பதில்லை. பரண் கட்டிக் காவல் இருக்க ஆளில்லாத காட்டில் துவர்ப்புச் சோளம் விளைச்சலைக் காப்பாற்றியது. ஆள் இருக்கும் காட்டில் இனிப்பான வெள்ளைச் சோளத்தை விதைத்தார்கள். டானின் வேண்டுமா வேண்டாமா என்பதை முடிவுசெய்தது விதைத்தவரின் வீட்டுநிலைமை.

பூக்கும் பருவத்தில் ஒரு சோளக் கதிரை அருகில் நின்று பார்ப்பது நல்ல அனுபவம். பூ உச்சியிலிருந்து தொடங்கும். நாளுக்கு ஒரு பட்டையாக மஞ்சள் மகரந்தப் பைகள் கீழ்நோக்கி இறங்கிவரும். ஒரு கதிர் பூத்து முடிக்க ஒரு வாரம்கூட ஆகும். பூக்கள் இரண்டு இரண்டாக இருக்கும். ஒன்று காம்பில்லாமல் தண்டோடு ஒட்டியிருக்கும், மணி பிடிப்பது அதில்தான். மற்றொன்று சிறு காம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும், பெரும்பாலும் மகரந்தம் மட்டும் தந்துவிட்டு உதிரும். ஒரே பூவில் ஆணும் பெண்ணும் இருப்பதால் சோளம் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்கிறது. அதனால்தான் ஒரு குடியானவர் தன் விதையைத் தானே எடுத்து வைத்தாலும் குணம் அதிகம் மாறாமல் வந்தது. பக்கத்துக் காட்டிலிருந்து காற்றில் வரும் கொஞ்சம் மகரந்தம் புது வகைகளுக்கு வழி வைத்தது.

வெயிலைத் தாங்கும் உடம்பு

கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசலில் புரட்டாசியில் விதைப்பார்கள். வடகிழக்குப் பருவமழை வந்தால் பயிர், வராவிட்டால் காய்ச்சல். அந்த மண்ணில் நெல் நிற்காது, சோளம் நிற்கும். ஏன் நிற்கிறது என்பதற்கு அதன் இலைக்குள் பதில் இருக்கிறது.

காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்க எல்லாப் பயிர்களும் ருபிஸ்கோ என்ற நொதியை நம்பியிருக்கின்றன. அதற்கு ஒரு குறை உண்டு. வெயில் ஏற ஏற அது கரியமில வாயுவுக்குப் பதில் ஆக்சிஜனையும் பிடித்துவிடும். அந்தப் பிழையைச் சரிசெய்ய நெல் தான் சேர்த்ததில் ஒரு பங்கைத் திருப்பிச் செலவழிக்க வேண்டியிருக்கிறது. சோளத்தின் இலையில் ஒவ்வொரு நரம்பையும் சுற்றித் தடித்த செல்களால் ஒரு வளையம் இருக்கிறது. வெளியிலுள்ள செல்கள் வாயுவை நான்கு கரிம அணு கொண்ட அமிலமாக முதலில் பிடித்து அந்த வளையத்துக்குள் அனுப்புகின்றன. உள்ளே வாயு நெருக்கமாகச் சேர்வதால் ருபிஸ்கோ பிழை செய்ய வாய்ப்புக் குறைகிறது. இலைத்துளைகளை அகலத் திறந்துவைக்க வேண்டிய தேவையும் குறைவு, ஆகவே நீர் வீணாவதும் குறைவு. கரும்பும் மக்காச்சோளமும் கம்பும் இதே வழியில்தான் உழைக்கின்றன.

இதோடு முடியவில்லை. இலையுறையிலும் தண்டிலும் வெள்ளை மெழுகு பூசியிருக்கும், விரலால் தேய்த்தால் மாவுபோல் ஒட்டும். காய்ச்சல் கண்டால் இலை நீளவாக்கில் சுருண்டு வெயிலுக்குக் காட்டும் பரப்பைக் குறைத்துக்கொள்ளும். வேர் ஆழமாக இறங்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், சோளத்துக்குக் காத்திருக்கத் தெரியும். மழை நின்றால் வளர்ச்சியை நிறுத்தி வைத்திருந்து, அடுத்த மழைக்கு மறுபடி தொடங்கும். அறுத்த கட்டையிலிருந்தே மறுதாம்பும் துளிர்க்கும்.

இந்தத் துணிச்சலுக்கு ஒரு ஆபத்தான பக்கமும் இருக்கிறது. இளஞ்சோளத்தில், அதுவும் தண்ணீரில்லாமல் வாடிய இளஞ்சோளத்தில், மாட்டை விடக் கூடாது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தின்ற மாடு சிறிது நேரத்தில் விழுந்துவிடும். துர்ரா என்ற பெயரை ஒட்டி துர்ரின் என்று அழைக்கப்படும் ஒரு பொருளைச் செடி ஓரிடத்திலும், அதைப் பிளக்கும் நொதியை வேறோரிடத்திலும் வைத்திருக்கிறது. வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் தட்டில் தனித்தனியாக இருக்கும்வரை சிவப்பு இல்லை, மெல்லும்போதுதான் வாய் சிவக்கிறது. அதுபோல மாட்டின் பல்லில் இலை நசுங்கும்போதுதான் இரண்டும் சேர்ந்து ஹைட்ரஜன் சயனைடு பிறக்கிறது. பூத்து முற்றிய பயிரில் இந்த நஞ்சு வெகுவாகக் குறைந்துவிடும். முற்ற விட்டு, அறுத்துக் காயவைத்துப் போடும் தட்டை மாட்டுக்கு நல்ல தீவனம்.

கோயம்புத்தூரில் ஒரு நரம்பின் நிறம்

1923இல் கோயம்புத்தூரில் சிறுதானியப் பயிர்ப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. அங்கே சிறுதானிய நிபுணராக இருந்தவர் ஜி.என். ரங்கஸ்வாமி அய்யங்கார். 1930களில் அவரும் உடனிருந்தவர்களும் சோளத்தின் ஒவ்வொரு குணத்தையும் எடுத்து, எந்தக் குணம் எதை மிஞ்சி வருகிறது, பிள்ளைகளில் எந்த விகிதத்தில் பிரிகிறது என்று எண்ணிப் பார்த்தார்கள். மணியின் நிறம், உமியின் நிறம், இலையுறையில் காயம்பட்ட இடம் ஊதாவாவது, எல்லாமே அவர்கள் கணக்கில் வந்தன.

அவற்றில் ஒன்றைக் காட்டில் நின்றே சரிபார்க்கலாம். சோள இலையின் நடுநரம்பைப் பாருங்கள். சில செடிகளில் அது பளிச்சென்ற வெள்ளை. சிலவற்றில் மங்கிய பச்சை. வெள்ளை நரம்புள்ள தட்டையை ஒடித்தால் உள்ளே வறண்ட நெட்டி. பச்சை நரம்புள்ளதை ஒடித்தால் சாறு கசியும். நரம்பும் தண்டும் ஒரே மரபணுவின் சொல்படி நடக்கின்றன, வறட்சி மேலோங்கி நிற்கும் குணம் என்று கோயம்புத்தூர் குழு கண்டது. அந்த மரபணு எது, எப்படித் தண்டின் செல்களைச் சாகவிட்டுக் காற்றை நிரப்புகிறது என்பது 2018இல்தான் மூலக்கூறு அளவில் தெரிந்தது. எண்பது ஆண்டு கழித்து வந்த அந்த விடைக்கு அடித்தளம் கோயம்புத்தூர் வயலில் செடி செடியாக எண்ணியவர்கள் போட்டது.

அதே ஊரின் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் டி.எஸ். வெங்கட்ராமன் இன்னும் துணிந்த ஒன்றைச் செய்தார். கரும்பும் சோளமும் நெருங்கிய உறவு. சீக்கிரம் முற்றும் கரும்பு வேண்டும் என்று இரண்டையும் கலந்தார், கலப்புச் செடிகள் முளைத்தன. அந்தச் செய்தி வெளியானது. அந்த நிலையத்துக்கு 1934இல் மரபணுவியலாளராக வந்தவர் ஜானகி அம்மாள்.

இந்த இடத்தில் சோளத்தின் கதை மயிலாப்பூரைத் தொடுகிறது. தலச்சேரியில் 1897இல் பிறந்த ஜானகி அம்மாள் படித்தது கடற்கரைச் சாலையிலுள்ள ராணி மேரி கல்லூரியிலும், அதே சாலையில் சற்று வடக்கே இருக்கும் மாநிலக் கல்லூரியிலும். பிறகு பெண்கள் கிறித்துவக் கல்லூரியில் பாடம் நடத்தினார். மிச்சிகன் போய் 1931இல் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பினார். கோயம்புத்தூரில் கரும்பையும் சோளத்தையும் அவற்றின் காட்டு உறவுகளையும் நுண்ணோக்கியில் வைத்து, செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம்களை எண்ணினார். பயிர்ச் சோளத்துக்குக் குரோமோசோம் 20, பத்து ஜோடி. சார்கம் பர்ப்யூரியோசெரிசியம் என்ற காட்டுச் சோளத்தில் அவர் ஒரு விந்தையைக் கண்டார். சில செடிகளின் பூவில் வழக்கமான குரோமோசோம்களோடு உபரியாகச் சில இருந்தன. அதே செடியின் வேரில் அவை இல்லை. ஒரே விதையிலிருந்து வளர்ந்த உடம்பு, தன் ஒரு பகுதியில் அவற்றைக் கைவிட்டு, அடுத்த தலைமுறைக்குப் போகும் பகுதியில் மட்டும் காப்பாற்றி வைத்திருந்தது. அந்தக் கண்டுபிடிப்பு 1940இல் நேச்சர் இதழில் வந்தது. 2021இல் செக் நாட்டு ஆய்வாளர்கள் அதே காட்டுச் சோளத்தின் அதே உபரிக் குரோமோசோமை எடுத்து அதன் டி.என்.ஏ.வைப் படிக்கத் தொடங்கினார்கள்.

ஜானகி அம்மாள் தம் கடைசி ஆண்டுகளைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மதுரவாயல் ஆய்வுக்களத்தில், செடிகளுக்கு நடுவே கழித்தார். 1984இல் அங்கேயே காலமானார். ராணி மேரி கல்லூரி வாசலில் தினமும் பஸ் ஏறும் மாணவியருக்கு இவர் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

அமெரிக்கா போய்த் திரும்பியது

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களோடும் பிற்காலத்து வணிகத்தோடும் சோளம் அமெரிக்காவுக்கும் போனது. டெக்சாஸில் அதற்கு ஒரு சிக்கல் வந்தது. வெப்பமண்டலச் சோளம் பகல் சுருங்கினால்தான் பூக்கும். நம் பக்கம் புரட்டாசிக்குப் பிறகு பகல் சுருங்குகிறது, அது பூக்கிறது. டெக்சாஸின் நீண்ட கோடைப் பகலில் அது பூக்காமல் மரம்போல் வளர்ந்துகொண்டே போனது. பூக்கும் காலத்தை மாற்றும் மரபணுக்களையும் உயரத்தைக் குறைக்கும் நான்கு மரபணுக்களையும் குயின்பி போன்ற ஆய்வாளர்கள் இனம்கண்டு, இயந்திரம் அறுக்கக்கூடிய குட்டைச் சோளத்தை உருவாக்கினார்கள்.

தன்மகரந்தச் சேர்க்கை செய்யும் பயிரில் வீரிய ஒட்டு விதை எடுப்பது கடினம். ஒவ்வொரு பூவிலும் மகரந்தப் பையைக் கிள்ளி எடுக்க யாராலும் முடியாது. ஸ்டீபன்ஸ், ஹாலண்ட் என்ற ஆய்வாளர்கள் 1954இல் அதற்கு வழி கண்டார்கள். மைலோ என்ற சோளத்தின் செல்திரவத்துக்குள் காஃபிர் சோளத்தின் உட்கருவை வைத்தால், பிறக்கும் செடியில் மகரந்தம் உண்டாவதில்லை. அந்தச் செடியைப் பக்கத்து வரிசைச் செடியின் மகரந்தத்தால் சூல்கொள்ள வைத்து, ஏக்கர் கணக்கில் ஒட்டு விதை எடுக்கலாம். அந்த முறையில் இந்தியாவின் முதல் ஒட்டுச் சோளம் சி.எஸ்.எச்-1, 1964இல் வந்தது. அதன் பின்னணியில் உழைத்தவர்களில் முதன்மையானவர் என்.ஜி.பி. ராவ்.

மகசூல் கூடியது. ஆனாலும் நம் குடியானவர்கள் முழுமனதோடு ஏற்கவில்லை. காரணம் நியாயமானது. குட்டைச் செடியில் தட்டை குறைவு. சோளம் விதைப்பவருக்கு மணி பாதி, தட்டை பாதி. கோடையில் மாட்டைக் காப்பாற்றுவது தட்டைதான். நாட்டுச் சோளத்தின் எட்டடி உயரத்தை வீண் என்று கருதிய கணக்கில் மாடு சேர்க்கப்படவில்லை.

அதே காலத்தில் நெல் வாய்க்கால் பாசனத்தோடும் உரத்தோடும் பெருகியது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பது வாக்குறுதியானது. வாக்குறுதி தந்த கட்சியினர் ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போட்டார்கள். 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையே இல்லாமல் கிடைக்கிறது. ஏழைகளின் அடுப்பில் உலை கொதித்தது, அது பெரிய காரியம். கூடவே, சோளச்சோறு ஏழ்மையின் அடையாளம் என்ற எண்ணமும் ஊன்றிவிட்டது. 1960களில் இந்தியாவில் சோளம் விளைந்த பரப்பு சுமார் 1.8 கோடி ஹெக்டேர். இன்றைக்கு 40 லட்சத்தை ஒட்டி நிற்கிறது.

விதை வங்கியும் எழுத்துகளும்

வயலில் குறைந்த சோளம் ஆய்வில் குறையவில்லை. 2009 ஜனவரியில் அதன் முழு மரபணுத் தொகுதி நேச்சர் இதழில் வெளிவந்தது. சுமார் 73 கோடி டி.என்.ஏ. எழுத்துகள். நெல்லைவிடப் பெரியது, மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்கு. கரும்பின் தொகுதி பன்மடங்காகப் பெருகிச் சிக்கிக் கிடப்பதால், கரும்பைப் படிக்க விரும்புகிறவர்களும் சோளத்தைத்தான் முதலில் புரட்டுகிறார்கள்.

ஹைதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் 1972இல் அமைந்த இக்ரிசாட் நிறுவனத்தின் விதை வங்கியில் 40,000க்கும் மேற்பட்ட சோள மாதிரிகள் குளிர் அறையில் இருக்கின்றன. அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்கே சோளம் திரும்பப் போனது. எத்தியோப்பியாவில் பிறந்த கெபிசா எஜெட்டா, இக்ரிசாட் சார்பில் சூடானில் பணியாற்றி, வறட்சியைத் தாங்கும் ஒட்டுச் சோளத்தை அங்கே கொடுத்தார். பின்னர் சோள வேரில் ஒட்டி உறிஞ்சும் சுடுமல்லிக் களைக்கு ஈடுகொடுக்கும் வகைகளை உருவாக்கினார். 2009இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. பூத்த பிறகும் வறட்சியில் இலை பச்சையாகவே நிற்கும் குணத்தை உலக ஆய்வாளர்கள் கண்டெடுத்ததும் எத்தியோப்பிய துர்ரா ஒன்றிலிருந்துதான். பெயர் தெரியாத ஒரு குடியானவர் வீட்டு விதைக்குதிரில் அந்தக் குணம் நூற்றாண்டுகளாகக் காத்திருந்தது.

குளிர் அறையில் விதை எளிதில் சாகாது, வளரவும் செய்யாது. புதிய வெயிலையும் புதிய குருத்து ஈ போன்ற பூச்சிகளையும் சந்தித்துத் தன்னை மாற்றிக்கொள்ள அது மண்ணில் இருக்க வேண்டும். அடையாற்றுக்குப் பக்கத்தில் தரமணியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1988 முதல் இருக்கிறது. கொல்லிமலையில் சாமை, தினை போன்ற சிறுதானியங்களை மலைமக்களே விளைவித்துத் தின்று விற்கும்படி அது உழைத்ததற்குக் காரணம் இந்த எண்ணம்தான். உண்பவர் இருந்தால்தான் விதைப்பவர் இருப்பார்.

சென்னையின் சமையலறையில்

சென்னைக்குச் சோளம் இரண்டு வழியாக வருகிறது. ஒன்று கண்ணுக்குத் தெரியாத வழி. மேற்கு மாவட்டங்களின் கறவை மாடுகள் சோளத்தட்டையைத் தின்கின்றன. சூடான் புல்லோடு கலந்து கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய கோ.எஃப்.எஸ்-29 என்ற தீவனச் சோளத்தை ஒருமுறை விதைத்தால் திரும்பத் திரும்ப அறுக்கலாம். அந்தப் பால் சோழிங்கநல்லூரிலும் மாதவரத்திலும் உள்ள பண்ணைகள் வழியாக நம் வாசலுக்கு வருகிறது. காலை காபியில் சோளத்துக்கும் பங்கு உண்டு.

இரண்டாவது வழி, மளிகைக் கடைப் பை. 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு அந்தப் பைகள் கூடியிருக்கின்றன. வாங்குகிறவர்களில் பலர் சர்க்கரை நோய்க்கு நல்லது என்று கேள்விப்பட்டு வாங்குகிறார்கள். சர்க்கரை நோய் பற்றிய அச்சம் நியாயமானது. கோபாலபுரத்திலுள்ள சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய ஆய்வு 2023இல் வெளிவந்தபோது, நாட்டில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு என்று தெரிந்தது. ஆனால் சோளத்தை மருந்தாகப் பார்க்க வேண்டாம். அதிலும் மாவுச்சத்துதான் பெரும்பங்கு. முழு மணியாகவோ கெட்டி ரவையாகவோ வேகவைத்தால் மெல்லச் செரிக்கும். நைசாக அரைத்துக் கஞ்சியாக்கினால் சீக்கிரம் செரித்துச் சர்க்கரையை ஏற்றும். தானியம் ஒன்றே, பக்குவம் வேறு.

ஒரு மணியைக் கத்தியால் இரண்டாக வெட்டினால் இது புரியும். ஓரத்தில் கண்ணாடிபோல் இறுகிய பகுதி, நடுவில் சுண்ணாம்புபோல் உதிரும் பகுதி. ஓரத்தின் இறுக்கத்துக்குக் காரணம் காஃபிரின் என்ற புரதம். அது மாவுச்சத்துத் துகள்களை நெருக்கமாகப் பிடித்து வைத்திருக்கிறது. வேகவைக்கும்போது காஃபிரின் தனக்குள் இன்னும் பின்னிக்கொள்வதால் அந்தப் புரதம் முழுதாகச் செரிப்பதில்லை. புளிக்க வைத்தால் இந்தக் குறை கணிசமாகத் தீரும். சோளக் கூழை இரவே கரைத்துப் புளிக்கவைத்ததும், சோளத்தையும் உளுந்தையும் சேர்த்து அரைத்து மறுநாள் இட்லியும் பணியாரமும் சுட்டதும் ருசிக்காக மட்டும் அல்ல. சோளத்தில் குறைவாக உள்ள லைசின் உளுந்தில் தாராளமாக இருக்கிறது. கோதுமையின் பசையம் சோளத்தில் இல்லை, ஆகவே அது ஒத்துக்கொள்ளாதவர்களும் சாப்பிடலாம்.

வாரத்தில் ஒரு வேளையாவது சோளத்தைச் சோளமாகவே சமையுங்கள். இரவே ஊறவையுங்கள், காலையில் அரிசியைவிடக் கூடுதல் நேரம் குக்கரில் விடுங்கள், கத்தரிக்காய்க் குழம்போ கீரைக் கடைசலோ ஊற்றிச் சாப்பிடுங்கள். முதல் நாள் வாயில் கொஞ்சம் நிற்கும். பழகிவிட்டால் அரிசிச் சோறு மெத்தென்று தோன்றும். பிஸ்கட்டிலும் நூடுல்ஸிலும் ஒரு பிடி சோளமாவைச் சேர்த்துப் பளபளப்பான பெட்டியில் விற்பதை வாங்குவதைவிட இதற்குச் செலவும் குறைவு.

கடைக்காரரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: இது எந்த ஊர்ச் சோளம், என்ன ரகம்? பலருக்குப் பதில் தெரியாது. திரும்பத் திரும்பக் கேட்டால் அவர் மொத்த வியாபாரியைக் கேட்பார், மொத்த வியாபாரி தரகரைக் கேட்பார். கேள்வி என்றைக்காவது கோவில்பட்டிக்கும் திண்டுக்கல்லுக்கும் போய்ச் சேரும். தலைவிரிச்சானுக்கும் செஞ்சோளத்துக்கும் இருங்குச் சோளத்துக்கும் பெயரைச் சொல்லிக் கேட்கிற வாடிக்கையாளர் சென்னையில் இருக்கிறார் என்று தெரிந்தால், அவற்றை விதைக்கிறவரும் இருப்பார். நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டும் கோடை நீண்டுகொண்டும் போகிற இந்த மாநிலத்தில், குறைந்த தண்ணீரில் மனிதருக்கும் மாட்டுக்கும் ஒருசேரச் சோறு போடும் பயிரை இழந்துவிட நமக்கு வசதியில்லை.